47 நிமிடமா, 3 மைலா? பிராண்டன் ஸ்வான்சன் வழக்கில் ஆற்றுக் கதை நிற்குமா?

வரைபடன்:
தெரியாதவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2008 மே 14 அதிகாலை, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தென்மேற்கு மூலை. 19 வயது பிராண்டன் ஸ்வான்சன், மினசோட்டா வெஸ்ட் கல்லூரியின் கேன்பி வளாக மாணவர். அந்த ஆண்டு வகுப்பு முடிந்த சந்தோஷத்தில் நண்பர்களைப் பார்த்துவிட்டு, கேன்பியிலிருந்து மார்ஷலில் இருக்கும் வீட்டுக்கு காரில் கிளம்பியவர். நேராக வரும் நெடுஞ்சாலை 68-ஐ விட்டுவிட்டு வயல்களுக்கு நடுவே போகும் சரளைச் சாலைகளில் வந்திருக்கிறார். ஒரு திருப்பத்தில் அவருடைய பச்சை செவ்ரோலே லுமினா பள்ளத்தில் இறங்கி, சக்கரம் தரையைத் தொடாமல் தொக்கிக்கொண்டது. காரிலும் பெரிய சேதமில்லை, அவருக்கும் அடியில்லை.

2 மணிக்குச் சற்று முன்பு பெற்றோரை அழைத்து, "லிண்ட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறேன், வாருங்கள்" என்கிறார். அவர்கள் போகிறார்கள். இவர் காரின் முகப்பு விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறார், அவர்களும் அப்படியே செய்கிறார்கள். இவர் வெளிச்சம் அவர்களுக்குத் தெரியவில்லை, அவர்கள் வெளிச்சம் இவருக்குத் தெரியவில்லை. கடைசியில், தூரத்தில் தெரியும் விளக்குகள்தான் லிண்ட் என்று நம்பி, காரை விட்டு நடக்கத் தொடங்குகிறார். அப்பாவுடன் பேசிக்கொண்டே நடக்கிறார். வேலியைத் தாண்டுகிறேன், பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்கிறார். 47 நிமிடம் நீண்ட அந்த அழைப்பு 2:30-க்குப் பிறகு "ஓ, ஷிட்!" என்ற ஒரு சொல்லோடு அறுந்துபோனது. அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. இன்றுவரை உடலும் இல்லை, கைபேசியும் இல்லை, கார்ச் சாவியும் இல்லை.

கார் அன்றே கிடைத்தது. ஆனால் லிண்ட் பக்கம் அல்ல. கைபேசிப் பதிவு போர்ட்டர் ஊர்ப் பக்கம் காட்டியது. டான்டன் என்ற ஊருக்கும் போர்ட்டருக்கும் இடையே, அவர் சொன்ன இடத்திலிருந்து ஏறக்குறைய 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர் தள்ளி கார் நின்றது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் சொல்லும் முடிவு, அந்தச் சொல்லோடு யெல்லோ மெடிசின் ஆற்றில் விழுந்தார், கதை முடிந்தது என்பது. எனக்கு இது கணக்கில் உதைக்கிறது. மோப்ப நாய் காரிலிருந்து மேற்கு வடமேற்காக, வயல் பாதைகள் வழியே கைவிடப்பட்ட ஒரு பண்ணைக்கும், அங்கிருந்து ஆற்றோரமாகவும் போனது. தண்ணீரில் இறங்கியதாகத் தெரிந்த இடம்வரை அந்தத் தடம் சுமார் 3 மைல், 4.8 கிலோமீட்டர். அழைப்பின் 47 நிமிடமும் நடந்தார் என்றே வைத்தாலும் மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். பகலில் தார் ரோட்டில் வேகமாக நடப்பவரின் வேகம் அது. இவர் நடந்ததோ இருட்டில், வேலி தாண்டி, இடது கண்ணில் பார்வை மிகக் குறைவாக, காதில் போனை வைத்துக்கொண்டு. உழுத வயலில் 3 கிலோமீட்டர் வேகம் வந்தாலே அதிகம். அப்படியானால் அழைப்பு அறுந்தபோது பாதித் தூரத்தில்தான் இருந்திருப்பார். ஒன்று, அந்தத் தடம் அவருடையது இல்லை. இல்லையென்றால், "ஓ, ஷிட்" சொன்ன பிறகும் அவர் நடந்திருக்கிறார்.

நீரோட்டம்:
கணக்கு சரி. ஆனால் 3 மைல் என்ற அளவையே கல்வெட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தடம் தேடும் நாய் நேர்கோட்டில் போகாது. நீண்ட வாரின் முனையில் இடமும் வலமுமாக அலைந்து, வாசனையை விட்டு, திரும்பி வந்து மறுபடி பிடித்துத்தான் போகும். கையாள்பவர் நடந்த தூரம், தொலைந்தவர் நடந்த தூரத்தைவிட எப்போதும் அதிகமாகத்தான் வரும். அதோடு 3 மைல் என்பது முழுத் தடத்தின் நீளம். தடத்தின் பின்பகுதி ஆற்றை ஒட்டியே போகிறது. ஆற்றங்கரையை அவர் முதன்முதலில் தொட்ட இடம் அதற்கு வெகு முன்னாலேயே வந்திருக்கும். தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்று அவரே அழைப்பில் சொல்லியிருக்கிறாரே?

ஆற்றையும் லேசாக எடைபோட வேண்டாம். அந்தப் பகுதியில் யெல்லோ மெடிசின் சில இடங்களில் முழங்கால் ஆழம், சில இடங்களில் 15 அடி. வளைந்து வளைந்து ஓடும் சமவெளி ஆறு. வளைவின் வெளிப்பக்கக் கரையைத் தண்ணீர் அடியில் அரித்துவிடும், மேலே புல் மூடியிருக்கும். பகலில் நிற்பவருக்கே விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. காலடியில் மண் சரிந்தால் கத்த ஒரு சொல்லுக்குத்தான் நேரம் இருக்கும். மே மாதத் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தன்னால் வாரி இழுக்கும், அந்தச் சமயத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

வரைபடன்:
சரி, உடல் எங்கே? மே மாதத்துக்குப் பிறகு ஜூன், ஜூலை. தண்ணீர் சூடேற ஏற உடலுக்குள் வாயு சேர்ந்து மேலே வந்தாக வேண்டும். பெரிய ஏரியின் அடி ஆழத்தில், நிரந்தரக் குளிரில் கிடந்தால் வராமல் போகலாம். இது குறுகிய ஆறு. முதல் நாட்களிலேயே படகும் விமானமும் தேடின. அந்தப் பகுதிக் காவல் தலைவரான ஷெரிஃப் 30 நாள் தினமும் அந்தக் கரையை நடந்து பார்த்தார். ஒரு ஷூகூட கிடைக்கவில்லை.

நீரோட்டம்:
மேலே வரும் என்பது தடையில்லாத தண்ணீருக்குச் சரி. வளைவுகளில் விழுந்த மரங்கள் வேரோடு கிடக்கும், தண்ணீர் உள்ளே புகும், பெரிய பொருள் சிக்கிக்கொள்ளும். வாயு தூக்கினாலும் கிளை பிடித்து வைத்திருக்கும். அடுத்த பெருக்கில் அதன்மேல் வண்டல் படியும். படகில் போகிறவர் கண்ணுக்கு மரக்குவியல்தான் தெரியும். 30 நாள் கரையில் நடந்ததை மதிக்கிறேன், அந்த மனிதரின் மனம் அதில் தெரிகிறது. ஆனால் கலங்கல் தண்ணீரில் கரையிலிருந்து தெரிவது மேல்பரப்பு மட்டுமே.

மோப்பம்:
இருவருமே நாய் சொன்னதில் பாதியை விட்டுவிட்டீர்கள். நாய் ஆற்றில் இறங்கியதோடு தடம் முடியவில்லை. அது மறுகரை ஏறி, இன்னொரு சரளைச் சாலையைப் பிடித்து வடக்கே போர்ட்டர் திசையில் போனது. அதற்குப் பிறகுதான் தடத்தை இழந்தது. ஆற்றோடு கதை முடிந்தது என்றால் மறுகரையில் அந்த நாய் எதைப் பின்தொடர்ந்தது?

அதே சமயம் நாயைக் கண்மூடி நம்பவும் முடியாது. மனித வாசனை என்பது உதிரும் தோல் துகளும் அதில் பாக்டீரியா உண்டாக்கும் ஆவியும். குளிர்ந்த, ஈரமான இரவில் அது பள்ளத்தில் தங்கும், நீடிக்கும். இந்த வகையில் அன்றைய நிலைமை நாய்க்குச் சாதகமே. ஆனால் ஆற்றுப் பள்ளம் வாசனைக்கு ஒரு வாய்க்கால் மாதிரி. காற்று அதை இழுத்துப்போய் எதிர்க்கரைப் புல்லில் படிய வைக்கும். வாசனை தண்ணீர்மேல் மிதந்து கீழ்நோக்கிப் போய் வேறொரு கரையில் ஒதுங்கவும் செய்யும். ஆகவே நாய் மறுகரை ஏறியதற்கு, அவர் ஏறினார் என்பது ஒரு விளக்கம், வாசனை ஏறியது என்பது இன்னொன்று. சாலை வழியாகக் கணிசமான தூரம் திடமாகப் போயிருந்தால் முதலாவதை நம்புவேன். கரையை ஒட்டியே சுற்றி அலைந்திருந்தால் இரண்டாவதை. நாய் எந்த இடத்தில் தலையைத் தூக்கியது, எங்கே வேகம் குறைந்தது, எங்கே திரும்பி வந்தது என்று கையாள்பவர் அன்று எழுதிய குறிப்பில் இருக்க வேண்டும். "3 மைல்" என்ற ஒற்றை எண்ணைவிட அந்தக் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

சிக்னல்:
கைபேசியிலிருந்து பார்க்கலாம். அழைப்பு அறுந்தது என்று எல்லோரும் சொல்கிறோம். எப்படி அறுந்தது என்பதில்தான் விடையின் ஒரு துண்டு இருக்கிறது.

மூன்று வகை. ஒன்று, பயனர் பொத்தானை அழுத்தித் துண்டிப்பது. அப்போது நெட்வொர்க்குக்கு முறையான துண்டிப்புச் செய்தி போகும், பதிவில் "இயல்பான முடிவு" என்று விழும். இரண்டு, பேட்டரி கழன்றோ தண்ணீரில் மூழ்கியோ திடீரென்று ரேடியோ சாவது. செய்தி எதுவும் போகாது. டவர் சில நொடி காத்திருந்து, சிக்னல் இழப்பு என்று பதிந்து அழைப்பை மூடும். மூன்றாவது, போன் கீழே விழுந்து மடிப்போ பொத்தானோ இடிபட்டுத் துண்டாவது. பதிவில் முதல் வகைபோலவே விழும், ஆனால் போன் உயிரோடு இருக்கும்.

போனைக் கையால் அணைத்தால் "நான் போகிறேன்" என்று டவருக்குச் சொல்லிவிட்டுப் போகும். செத்துப்போனால் சொல்லாது. அப்போது நெட்வொர்க் அது இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு, அழைப்பு வரும்போதெல்லாம் தேடிக் கூப்பிட்டுப் பார்க்கும். உயிரோடு இருக்கும் போன் யாரும் அழைக்காவிட்டாலும் குறித்த இடைவெளியில் தானே ஒரு முறை பதிவு செய்துகொள்ளும். அந்தக் கடைசிப் பதிவு எத்தனை மணிக்கு என்பதுதான் என் முதல் கேள்வி. 2:45-க்குப் பிறகு ஒரே ஒரு பதிவு இருந்தாலும் அந்தப் போன் தண்ணீருக்கு வெளியே இருந்தது என்று அடித்துச் சொல்லலாம். இந்த அலைவரிசைகள் ஓரிரு அடித் தண்ணீரைக்கூடத் தாண்டி டவரை எட்டாது.

இன்னொன்று. போர்ட்டர் டவர் என்றதும் பலர் வரைபடத்தில் போர்ட்டரைச் சுற்றி வட்டம் போடுகிறார்கள். டவர் பொதுவாக 120 பாகை கொண்ட மூன்று பிரிவாகப் பிரிந்திருக்கும். அழைப்பு எந்தப் பிரிவில் தொடங்கி எந்தப் பிரிவில் முடிந்தது என்று பதிவாகும். நடுவில் பிரிவு மாறியிருந்தால் அவர் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பதற்கு நாயைச் சாராத தனிச் சாட்சி அது.

தேன்மொழி:
பொத்தான், டவர் எல்லாம் இருக்கட்டும். அவர் தன் பெற்றோரை அழைத்தார். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்திருந்தால்? அமெரிக்காவில் அப்போதே அவசர அழைப்புக்கு இருப்பிடம் அனுப்பும் விதி இருந்தது. ஜிபிஎஸ் உள்ள போன் என்றால் 67 சதவீத அழைப்புகளில் 50 மீட்டருக்குள், 95 சதவீதத்தில் 150 மீட்டருக்குள் காட்ட வேண்டும். கிராமப்புறத்தில் அது முழுமையாக வேலை செய்யாவிட்டாலும், டவர் பெயராவது உடனே திரையில் வந்திருக்கும். "லிண்ட் அல்ல, போர்ட்டர்" என்று அதிகாலை 2 மணிக்கே தெரிந்திருக்கும். அம்மா அப்பாவை அழைத்தது அவர் தப்பு இல்லை. கார் பள்ளத்தில் இறங்கினால் எந்தப் பிள்ளையும் முதலில் வீட்டைத்தான் கூப்பிடும். ஆபத்து என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அதுதான் மனதைப் பிசைகிறது.

காலை 6:30-க்குப் பெற்றோர் காவல்துறையிடம் போனபோது கிடைத்த பதில், 19 வயதுப் பையன் இரவு வெளியே தங்குவது வழக்கமில்லாதது அல்ல என்பது. 47 நிமிடம் பேசிக்கொண்டிருந்தவன் அலறலோடு நின்றுபோனான் என்று சொல்லியும்! அப்போது சூரியன் உதித்து அரை மணி நேரம்தான். தரையில் பனி ஈரம் காய்ந்திருக்காது, புல்லில் கால்தடம் தெரியும். தேடலுக்கு மிக நல்ல மணி நேரங்கள் அவை. போன் நிறுவனங்கள் உயிராபத்து என்றால் நீதிமன்ற உத்தரவு இல்லாமலே பதிவைக் கொடுக்க மத்தியச் சட்டம் அன்றே அனுமதித்தது. ஆனால் அது ஆபத்து என்று முதலில் காவல்துறை நம்ப வேண்டும்.

எல்லையும் குழப்பியது. அங்கே கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. லிண்ட் இருப்பது லயன் கவுண்டி. கார் கிடந்தது லிங்கன் கவுண்டியின் விளிம்பில். போர்ட்டர் யெல்லோ மெடிசின் கவுண்டி. தேட வேண்டியவர் யார்? பெற்றோர் விடாமல் போராடியதால்தான் "பிராண்டன் சட்டம்" வந்தது. 2009 மே 7-ல் ஆளுநர் டிம் பாவ்லென்டி கையெழுத்திட்டார், ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர் என்பதைக் காரணம் காட்டிப் புகாரைத் தள்ளிப்போட முடியாது. உடனே வாங்க வேண்டும், ஆபத்தில் இருக்கிறாரா என்று உடனே தீர்மானிக்க வேண்டும்.

நீரோட்டம்:
தேன்மொழி சொல்வதில் ஒரு எழுத்தையும் மறுக்கவில்லை. ஆனால் தாமதம் அவர் எங்கே என்பதற்கு விடை ஆகாது. 2:45-க்கு ஆற்றில் போயிருந்தால் 6:30-க்கு ஓடியிருந்தாலும் உயிர் கிடைத்திருக்காது.

தேன்மொழி:
உயிர் கிடைத்திருக்காது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வரைபடன் கணக்குப்படி அவர் அதற்குப் பிறகும் நடந்தார் என்றால், 6:30-க்கு எங்கோ குளிரில் சுருண்டு கிடந்திருக்கலாம்.

வரைபடன்:
எனக்கு இப்போது பொருந்துவது அதுதான். நீரோட்டம் சொன்ன "கரையை முதலில் தொட்ட இடம்" என்ற திருத்தத்தை ஏற்கிறேன், என் கணக்கு அதனால் தளர்கிறது. அழைப்பின் முடிவில் அவர் கரைச் சரிவிலோ ஓடையிலோ விழுந்தார், போன் போனது. ஆனால் அவர் ஏறிவிட்டார். நனைந்தபடியே கரையோரம் நடந்தார், இன்னொரு இடத்தில் கடந்தார், வடக்கே போனார். அப்படி வைத்தால் 3 மைல், மறுகரை, போர்ட்டர் திசை எல்லாம் ஒரே கோட்டில் வருகின்றன.

அந்த இரவின் வெளிச்சத்தையும் பாருங்கள். வளர்பிறை அரைநிலா கடந்து இரண்டு நாள். 2:30 மணிக்கு வானம் தெளிவாக இருந்தால் நிலா மேற்கே தாழ்ந்து நிற்கும், சிறிது நேரத்தில் மறையும். மேற்கு நோக்கி நடப்பவருக்குக் கண்ணுக்கு நேரே நிலா, காலடியில் நிழல். அவர் ஊர் என்று நம்பியது தானியக் கிடங்கு உச்சியின் விளக்காகக்கூட இருக்கலாம். சமவெளியில் 30 மீட்டர் உயர விளக்கு 20 கிலோமீட்டர் தாண்டியும் தெரியும். அந்தப் பகுதிச் சாலைகள் மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டது போல, எல்லாம் ஒரே சரளை, ஒரே வயல். தான் 40 கிலோமீட்டர் தவறாக இருக்கிறோம் என்று சொல்லித்தர அங்கே ஒரு பொருளும் இல்லை.

மோப்பம்:
நனைந்து நடந்தார் என்றால் தேட வேண்டிய இடமே மாறுகிறது. தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடல்வெப்பத்தை இழுக்கும். நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் உறைபனி இல்லாத இரவிலேயே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். கடைசிக் கட்டத்தில் சிலர் உடையைக் கழற்றிவிடுவார்கள். சிலர் புதர், குவியல், குழாய் என்று இடுக்கான இடத்துக்குள் ஊர்ந்து நுழைவார்கள், பூனை ஒளிவதுபோல. வயலின் நடுவில் கிடப்பார் என்று வரிசையாக நடந்து தேடினால் இவரைத் தாண்டிப் போய்விடுவோம். சரளைச் சாலைக்கு அடியில் போகும் மதகுக் குழாய், கைவிட்ட பண்ணையின் விறகுக் குவியல், மரவரிசையின் அடி, இவற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாக வேண்டும்.

சிக்னல்:
கைவிட்ட பண்ணை என்றதும் கிணறு. மினசோட்டாவில் பயன்படாத கிணற்றை முறையாக அடைத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பழைய பண்ணைகளில் பதிவுக்கே வராத கைத்தோண்டுக் கிணறும் மழைநீர்த் தொட்டியும் மக்கிய பலகைக்கு அடியில் கிடப்பதுண்டு. தடம் பண்ணை வழியாகப் போயிருப்பதால் அங்கே ஒவ்வொரு சதுர அடியும் பார்க்க வேண்டியது.

மோப்பம்:
தடம் பண்ணையைத் தாண்டி ஆற்றுக்குப் போயிருக்கிறது. கிணற்றில் விழுந்தவர் ஆற்றங்கரையில் வாசனை விட முடியாது. கிணறு இரண்டாம்பட்சம்.

நீரோட்டம்:
விவசாய இயந்திரம் ஏறி, பயந்துபோய் யாரோ மறைத்துவிட்டார்கள் என்ற பேச்சும் அடிக்கடி வருகிறது. மே மாதம் அங்கே மக்காச்சோளம், சோயா விதைப்பு. விதைப்புக் கருவி சில அங்குல ஆழத்தில்தான் மண்ணைக் கீறும், ஒரு மனிதனைப் புதைக்காது. ஆதாரமில்லாமல் அங்குள்ள விவசாயிகள் மேல் பழி போடும் இந்தக் கதையை விட்டுவிடலாம்.

மோப்பம்:
ஏற்கிறேன். ஆனால் விவசாயம் தேடலை எப்படிக் கட்டிப்போட்டது என்பது முக்கியம். விதைத்துவிட்டால் அறுவடைவரை வயலில் நாயை இறக்க முடியாது, சில உரிமையாளர்கள் அனுமதிப்பதில்லை. அறுவடை முடிந்து பனி விழும்வரை கொஞ்ச நாள், பனி உருகி விதைக்கும்வரை கொஞ்ச நாள். வருடத்தில் அவ்வளவுதான். 2008 இலையுதிர் காலத்திலேயே பிண வாசனைக்குப் பழக்கிய நாய்கள் போர்ட்டருக்கு வடமேற்கே, மட் கிரீக் ஓடைப் பக்கம் ஆர்வம் காட்டின. அதுவும் ஆற்றுக்கு வடக்கே! தேடியும் எதுவும் கிடைக்கவில்லை.

அங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். தென்மேற்கு மினசோட்டா வயல்களின் அடியில் வடிகால் குழாய்கள் புதைத்திருப்பார்கள், துளையிட்ட குழாய், நாலைந்து அடி ஆழம். வயலின் ஈரத்தை உறிஞ்சி ஓடையில் கொண்டுபோய் விடும். வாசனையும் அந்தத் தண்ணீரோடு வரும். நாய் ஓடைக்கரையில் குழாய் வாயருகே உட்கார்ந்தால், மூலம் அங்கே இருக்கத் தேவையில்லை, குழாயின் மறுமுனை வயலில் இருக்கலாம், அரை மைல் தள்ளிக்கூட. நாய் காட்டிய இடத்தில் மட்டும் தேடி இல்லை என்று முடிவு கட்டுவது போதாது. அந்த ஓடையில் எந்தெந்தக் குழாய் திறக்கிறது, ஒவ்வொன்றும் எந்த வயலிலிருந்து வருகிறது என்று வரைபடம் போட்டு மேல்நோக்கிப் போக வேண்டும்.

நீரோட்டம்:
குழாய் வாதம் எனக்குப் புதிது, யோசிக்கிறேன். ஆனால் மட் கிரீக்கும் கடைசியில் யெல்லோ மெடிசினில் சேர்வதுதான். வெள்ளம் ஏறினால் ஆற்றுத் தண்ணீர் ஓடை வாய்க்குள் எதிர்த்திசையில் ஏறும். நாய்கள் காட்டிய இடம் ஆற்று மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம்? வெள்ளம் எட்டாத உயரம் என்றால் என் ஆற்றை விட்டுவிடுகிறேன். எட்டும் என்றால் மரக்குவியல்களைக் கலைத்துப் பார்க்காமல் விடமாட்டேன்.

வரைபடன்:
உயரத்தைச் சமவுயரக் கோட்டு வரைபடத்திலேயே அளந்துவிடலாம். ஆனால் நாய்கள் நின்ற புள்ளி சரியாக எது என்று வேண்டும். "போர்ட்டருக்கு வடமேற்கு" என்பது பல சதுர மைல்.